மதுரைக் கரட்டுக்காடுகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மதுரைக்காரரிடம் காடு பார்க்கப் போகலாமா என்று கேட்டால், கொடைக்கானலுக்கோ மேகமலைக்கோ வண்டி பேசக் கிளம்பிவிடுவார். மொட்டைமாடியில் நின்றாலே தெரிகிற யானைமலை, நாகமலை, அழகர்மலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "அதெல்லாம் வெறும் கரடு. முள்ளும் பாறையும்" என்பார்கள். முள்ளும் பாறையும் உண்மைதான். அந்த முள்ளுக்குள்தான் தேவாங்கு இருக்கிறது. அந்தப் பாறை இடுக்கில்தான் வல்லூறு கூடு வைக்கிறது. பச்சைக் காடு தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். வறண்ட காட்டை நாம்தான் மெல்லப் பழகிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் வர என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு மலையைப் பிடியுங்கள்

வாரம் ஒரு மலை என்று சுற்றாதீர்கள். ஒரே மலைக்கு வெயில், மழை, பனி என்று எல்லாக் காலத்திலும் போய் வாருங்கள். புதியவர்களுக்கு மூன்று இடங்களைச் சொல்வேன்.

நகரத்துக்கு மிக அருகில் இருப்பது கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமரம். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் தனியாகப் போகிறோமே என்ற பயம் வேண்டாம். பாறை ஓணான், மயில், பஞ்சுருட்டான் என்று கண்ணைப் பழக்க இது போதும்.

இரண்டாவது, மதுரையிலிருந்து 21 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்ச்சோலைக்கும் அதற்கு மேலே நூபுர கங்கைக்கும் ஏறும் மலைச்சாலையில் நடந்தால் இரண்டு பக்கமும் காடுதான். மரம் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் மதுரைப் பக்கம் இல்லை.

மூன்றாவது, மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி. பாறையில் கூடு வைக்கும் பறவைகளுக்காக அங்கே போக வேண்டும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது

அழகர்மலை, சிறுமலை, நாகமலை எல்லாவற்றிலும் காப்புக்காடு இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். கோயிலுக்குப் போகும் சாலையில் நடக்கலாம். அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் கதை வேறு. எல்லைக் கல்லோ பலகையோ கண்ணில் படவில்லை என்பதெல்லாம் வனக்காவலரிடம் செல்லாது. உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போங்கள். 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்கலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கு இன்றிருக்கும் விதிகள் அதற்குப் பிறகு வந்தவை. கோடையில் பாதைகளை மூடுவதும் அதனால்தான்.

எப்போது

இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கி இரண்டு வாரத்தில் கரடு ஆளே மாறிப்போகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை போனால் பச்சையும் கிடைக்கும், வலசை வரும் பறவைகளும் கிடைக்கும். மாசி தொடங்கினால் இலை கொட்ட ஆரம்பிக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு அது வசதி, மறைக்க இலை இருக்காது. ஆனால் தீப்பிடிக்கும் காலமும் அதுவே. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வைகைக்குக் கிளம்பி வரும் நாட்களில் அவர் விட்டுவரும் மலை காய்ந்து சருகாகக் கிடக்கும். அந்தச் சமயத்தில் காட்டை விட்டுவிடுங்கள்.

எந்த மாதமானாலும் விடியும் முன்பே அடிவாரத்தில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். விலங்கு, பறவை எல்லாம் நிழலில் ஒதுங்கிவிடும், நம்மைப் போன்ற ஆட்கள்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

கொண்டுபோக அதிகம் தேவையில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மங்கின நிறத்தில் முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ. ஊசிப்புல்லும் நாயுருவியும் ஒட்டாத துணியில் பேண்ட் இருந்தால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பிடுங்கும் வேலை மிச்சம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், காரணம் பின்னால் வரும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை, ஏனென்றால் முதலில் பார்க்க வேண்டியவை ஓடாதவை.

மரத்தில் இருந்து ஆரம்பியுங்கள்

காட்டுக்குப் போகிறவர்கள் எடுத்ததும் விலங்கைத் தேடுகிறார்கள். கிடைக்காமல் சலித்துப்போகிறார்கள். முதல் சில தடவை மரத்தை மட்டும் பாருங்கள். எது எந்த மரம் என்று தெரிந்துவிட்டால் எதில் எது வரும் என்பது தானாகப் பிடிபடும்.

உசிலையில் தொடங்கலாம். கரட்டில் எங்கே திரும்பினாலும் நிற்கும். புளிய இலையைவிடப் பொடியான இலை, தட்டையான காகிதம் போன்ற காய். ஒரு கொத்து இலையை உருவி உள்ளங்கையில் வைத்து, துளி தண்ணீர் விட்டுக் கசக்கிப் பாருங்கள், நுரை வரும். தலைக்குத் தேய்க்கும் அரப்பு இந்த இலையை உலர்த்தி அரைத்ததுதான். ஷாம்பு பாக்கெட் வருவதற்கு முன்பு எண்ணெய் தேய்த்துக் குளித்த மதுரை முழுக்க இந்த மரத்துக்குக் கடன்பட்டிருந்தது.

அடுத்தது வெப்பாலை. இலையைக் கிள்ளினால் பால் வடியும். காய்கள் நீளநீளமாக இரண்டிரண்டாகத் தொங்கும், நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், பச்சை இலைக்குச் சம்பந்தமே இல்லாமல் எண்ணெய் கருநீலமும் ஊதாவுமாக மாறும். செதில் செதிலாக உதிரும் தோல் நோய்க்குச் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் தைலம் இது.

இவற்றோடு வாகை, கொன்றை, வேங்கை, காரை, சூரை, ஆவாரை, கள்ளி. அழகர்மலைச் சாலையில் ஈரமான மடிப்புகளில் நாவலும் அத்தியும் சேர்ந்துகொள்ளும். அத்தி பழுத்திருந்தால் அங்கே பாய் விரித்து உட்கார்ந்துவிடுங்கள், காடே அங்கே வரும்.

வேண்டாத விருந்தாளிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. சின்னான் குருவிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று காட்டுக்குள் புல் முளைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கிறது. காய்ந்தால் தீயைத் தரையிலிருந்து மரக்கிளைக்கு ஏற்றிவிடுவதும் அதுதான். சீமைக்கருவேலைப் பற்றி எல்லோரும் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். திட்டுவது சரிதான். ஆனால் ஊர்ப்புறத்துப் பெண்கள் விறகுக்கு இந்த மரத்தை வெட்டியதால் மலைமேல் இருக்கும் உசிலையும் வேங்கையும் ஓரளவு தப்பின என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

காதும் தரையும்

மரம் பழகியபின் கண்ணைவிடக் காதை நம்புங்கள். சருகைக் கொத்திப் புரட்டும் 'சரக் சரக்' சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். பனிக்காலமானால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். வடக்கே இருந்து வரும் வலசைப் பறவை. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டை விசில் அடிக்கும். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. இவ்வளவு நிறத்தோடு இருந்தும் தரையில் நின்றால் கண்ணுக்குச் சிக்காது.

ஆடு மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அரிட்டாபட்டிப் பக்கம் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "தவிட்டுக்குருவி கூட்டமா நின்னு கத்துச்சுன்னா கீழ பாம்பு கெடக்குன்னு அர்த்தம் தம்பி, சுத்திப் போயிருங்க." பாம்பாக இல்லாவிட்டால் ஆந்தையாகவோ கீரியாகவோ இருக்கும். ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும்.

தரையைப் படிப்பது அடுத்த படி. புழுதியில் வட்டமாகக் குழி இருந்து, பக்கத்தில் இறகு கிடந்தால் மயில் மண்குளியல் போட்ட இடம். கருப்பு வெள்ளையாக முள் கிடந்தால் முள்ளம்பன்றி. கரையான் புற்று பக்கவாட்டில் ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தால் எறும்புத்தின்னி வந்திருக்கலாம். இந்தப் பக்கத்தில் அலங்கு என்றும் சொல்வார்கள். செதிலுக்காகக் கள்ளச்சந்தையில் பிடித்து விற்கிறார்கள். அதனால் அப்படி ஒரு வளையைப் பார்த்தால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், வனத்துறையைத் தவிர.

தேவாங்கு விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். எடை கால் கிலோ அளவுதான், முகத்தில் பாதி கண். இரவில் முட்புதர்க் கிளையில் மெல்ல மெல்ல நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும். டார்ச் வெளிச்சம் பட்டால் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் ஜோடியாக மின்னும். மாந்திரீகம், மருந்து என்று சொல்லி இதைப் பிடித்த காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்றே வந்த முதல் சரணாலயம் அது. நீங்களாக இரவில் தேடிப் போகாதீர்கள். வனத்துறையோடு போகும் வாய்ப்பு வந்தால் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெள்ளை வெளிச்சத்தில் செல்ஃபி எடுப்பவரோடு அடுத்த தடவை போக வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொரு காட்சி. கிழக்கு மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகள், கருஞ்சிறகில் நீலவரி போட்டவையும் வெண்புள்ளி வைத்தவையும், வழியில் இந்தக் கரடுகளில் இறங்கும். காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பூவே இல்லாத வாடின தண்டில் ஆண் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெண்ணைக் கவரும் வாசனையை உடம்பில் உண்டாக்க அந்தச் செடியில் இருக்கும் கசப்புச் சத்து அவற்றுக்கு வேண்டும்.

அரிட்டாபட்டியில் எப்படி உட்கார வேண்டும்

அரிட்டாபட்டியில் நடப்பதைவிட உட்காருவது முக்கியம். பாறைக்கு எதிரே, தூரமாக, நிழலில். பாறை முகத்தில் வெள்ளையாகக் கோடு கோடாக எச்சம் வழிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கு மேலே இடுக்கில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றுமே இங்கே பதிவானவை. சுமார் 250 வகைப் பறவைகள் இருக்கின்றன. ஆண்டின் முதல் மாதங்களில் குஞ்சு வைத்திருக்கும்போது பாறை மேல் ஏறுவதோ ட்ரோன் விடுவதோ கூடாது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பினால் குஞ்சு வெயிலில் கிடக்கும்.

இந்த மொட்டைப் பாறைக்கு ஊருக்குள் ஒரு வேலை உண்டு. ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் சேர்கிற மாதிரி, பெய்த மழை பாறையில் நிற்காமல் அடிவாரத்துக்கு ஓடி, சுனைகளிலும் குளம் கண்மாய்களிலும் சேரும். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. குன்றை உடைத்தால் கண்மாய்க்கு வரத்து போய்விடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.21 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமண முனிவர்களின் கற்படுக்கையும் குடைவரைக் கோயிலும் அதற்குள் வருகின்றன. அப்படியிருந்தும், 2024-ல் இதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது, கிராமசபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே போகிற நீங்கள் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டு "எந்த ஊரு, என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்கப்பட்டால் கோபப்படாதீர்கள். கேட்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லுங்கள். டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பாதி வழிகாட்டுதல் கிடைத்துவிடும்.

சாமிக்கு விட்ட காடு

அழகர்மலைக்கு வடக்கே, நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரணசாமிக்கு விட்ட கோயில்காடு இருக்கிறது. அளவு 4.97 ஹெக்டேர்தான். 2025-ல் அதைத் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் இடையபட்டி வெள்ளிமலை கோயில்காடும் அப்படித்தான், உசிலை நிறைந்த காடு. வனத்துறைப் பலகை காப்பாற்றாத இடத்தைச் சாமி பயம் காப்பாற்றியிருக்கிறது. இங்கெல்லாம் செருப்பைக் கழற்றுங்கள். சுள்ளி, காய், கல் எதையும் எடுக்காதீர்கள். பெண்கள் போகக்கூடாது என்று சில ஊர்களில் கட்டுப்பாடு இருக்கும், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது வீண் தகராறைத் தவிர்க்கும்.

ஆட்டைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வருவார்கள், "இந்த ஆடுதான் காட்டை மேய்ந்து அழிக்கிறது" என்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. அளவுக்கு மீறின மேய்ச்சல் இளஞ்செடியை எழவிடாது, அது உண்மை. ஆனால் தீ எரிவதை முதலில் பார்த்து ஊருக்குச் சொல்வதும் மேய்க்கிறவர்தான். புல்லுக்காகச் சிலர் தீ வைப்பதும் உண்டு. அணைக்காத பீடியும், சுற்றுலா வந்தவர்கள் சமைத்துவிட்டுப் போன அடுப்பும் அதே வேலையைச் செய்கின்றன. நீங்கள் காட்டில் எதையும் பற்றவைக்காதீர்கள், கற்பூரம் உட்பட.

அழகர்கோவிலில் ஒரு தனி எச்சரிக்கை: குரங்கு. கோயில் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது உங்கள் தோசை இல்லை. வலிய எடுத்துக் கொடுப்பவர்களைத்தான் நான் குறை சொல்வேன். கொடுத்துப் பழக்கினதால் அத்தியும் நாவலும் இருக்கும் காட்டை விட்டுச் சாலையில் உட்கார்ந்து, வண்டியில் அடிபடுகின்றன. பையை மூடி வையுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதன் கணக்கில் அது சண்டைக்குக் கூப்பிடுவது.

ஆபத்து வந்தால்

இந்த மலைகளில் பாம்பைவிட நான் பயப்படுவது மலைத்தேனீக்கு. பாறை விளிம்பில் கருப்பாக அரைவட்டமாகத் தொங்கும் கூட்டைப் பார்த்தால் அதற்குக் கீழே நிற்காதீர்கள். புகை, சென்ட் வாசனை, ட்ரோன் இரைச்சல், கல்லெறிதல் எதுவும் கிளப்பிவிடும். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, நிற்காமல் தூரமாக ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிப்பது உதவாது, மேலே காத்திருக்கும்.

பாம்பில் சுருட்டை விரியன் கல்லுக்கடியில் இருக்கும், மண் நிறம், சின்னது. கையை ஊன்றும் முன்பு பாருங்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

சிறுமலை, நத்தம் பக்கம் காட்டுமாடு எதிர்ப்படலாம். சாதுவாகத்தான் நிற்கும். அது போக வழி விட்டு, நீங்கள் மெல்லப் பின்வாங்கி வந்துவிடுங்கள். கன்றோடு இருந்தால் அன்றைய நடை அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், பார்த்தது, அது என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும். பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் பயன்படும். கூடு, தேவாங்கு, எறும்புத்தின்னி இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஒரு கண்மாய்க் கரையில் நின்று எண்ணினால் அதுவே ஒரு பட்டியல்.

ஒரு வருஷம் இப்படிப் போய்வந்த பிறகு பெரிய காட்டுக்கு ஆசை வந்தால், மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் சாப்டூர் இருக்கிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 1,016 சதுர கிலோமீட்டர், அந்தப் பக்கம் மதுரை மாவட்டத்தையும் தொடுகிறது. நரை அணில், யானை, வரையாடு எல்லாம் அந்தக் காப்பகத்தில் உண்டு. அங்கே அனுமதி விதிகள் இன்னும் கடுமை. யானை நடமாட்டத்தைப் பொறுத்து முதல் நாள் திறந்திருந்த பாதை மறுநாள் மூடியிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.